பால் போதும், புரதம் போதாது

எங்கள் மகன் 30 வாரத்தில், 1,200 கிராம் எடையுடன் பிறந்தான். எனக்குப் பால் சுரப்பதில் குறையொன்றும் இல்லை. அதனால்தான், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அவனுக்கு நான் எடுத்து அனுப்பும் பாலில், சத்தைக் கூட்டும் ஒரு தூளைக் கலக்கப் போகிறோம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் சுருக்கென்றது. "தாய்ப்பாலைவிட உயர்ந்தது ஒன்று இருக்கிறதா டாக்டர்?" என்று மாமியார் நேராகவே கேட்டுவிட்டார். "இல்லை அம்மா. பால் நல்ல பால்தான். ஆனால் அது மாதம் நிரம்பிப் பிறந்த குழந்தைக்கான பால். இவனுக்கு இன்னும் பத்து வாரம் பாக்கி இருக்கிறது" என்றார் அவர்.

வங்கி வேலையில் ஊறிப்போன எனக்கு எண்களைப் பார்க்காமல் மனம் ஆறாது. கேட்டேன். ஒரு தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். இவ்வளவு சிறிய குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு மூன்றரை முதல் நான்கு கிராம் வரை புரதம் வேண்டும். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிராம்தான் இருக்கிறது. கிலோவுக்கு 160 மில்லி கொடுத்தாலும் இரண்டு கிராமோடு நின்றுவிடும். சுண்ணாம்புச் சத்தில் பள்ளம் இன்னும் பெரிது. தேவை கிலோவுக்குக் குறைந்தது 120 மில்லிகிராம். பாலில் கிடைப்பது ஐம்பதைக்கூடத் தொடாது. எலும்பில் சேரவேண்டிய சுண்ணாம்பில் பெரும்பங்கு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது. அந்த மூன்று மாதங்களின் பெரும்பகுதியை இவன் வெளியே கழித்துக்கொண்டிருந்தான். பாலின் அளவை இரட்டிப்பாக்கிவிடலாமே என்றேன். அந்த வயிறு கொள்ளாது, கொண்டாலும் அவ்வளவு நீரை இதயமும் நுரையீரலும் தாங்காது என்றார். அளவைக் கூட்ட முடியாது என்றால் சத்தைத்தான் கூட்ட வேண்டும். கணக்கு முடிந்தது, என் வருத்தமும் அதோடு ஏறக்குறைய முடிந்தது.

மாமியார் சமையலறையில் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் தினமும் வந்தன. எல்லாம் ருசியாக இருந்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் தாய் என்ன சாப்பிட்டாலும் பாலில் உள்ள புரதம் பெரிதாக ஏறிவிடாதாம். குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் சில வாரங்கள் புரதம் சற்றுக் கூடுதலாக இருக்கும், பிறகு தானாகவே இறங்கும். குழந்தை வளர்ச்சிக்குப் பறக்கும் நேரம் பார்த்துப் பால் இப்படி மெலிவது இயற்கையின் ஓரவஞ்சனை என்றே எனக்குப் பட்டது.

தூளை உடனே ஆரம்பித்துவிடவில்லை. முதலில் நரம்பு வழியாகச் சத்து ஏறியது. கூடவே வாய்வழிக் குழாயில் சீம்பால் ஒன்றிரண்டு மில்லி. வயிறு ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ளக் கூட்டிக்கொண்டே போனார்கள். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டிய பிறகுதான், செவிலியர்கள் எச்.எம்.எஃப் (ஹியூமன் மில்க் ஃபோர்டிஃபையர்) என்று சொல்லும் அந்தத் தூள் பாக்கெட் வந்தது. முதலில் 50 மில்லிக்கு ஒன்று. தாங்குகிறான் என்று தெரிந்ததும் 25 மில்லிக்கு ஒன்று.

இங்கேதான் எனக்கு ஒரு புதுத் தலைவலி. அவனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 16 மில்லி. ஒரு கிராம் பாக்கெட்டோ 25 மில்லிக்கு. மீதி ஒன்பது மில்லியை எடுத்துவைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்க அந்தப் பிரிவில் விடமாட்டார்கள். கலந்த பால் நிற்க நிற்க, தாய்ப்பாலில் உள்ள நொதி தூளின் மாவுச்சத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். பாலின் செறிவு ஏறி, பிஞ்சுக் குடலுக்கு ஆகாமல் போகும். கிருமி பயம் வேறு. பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் கொட்டுவதற்கும் அனுமதி இல்லை. நள்ளிரவில் விழித்து எடுத்த பால் தொட்டியில் போவதைப் பார்ப்பதைவிட, தூள் கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்டது எவ்வளவோ மேல். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, 24 மில்லி என்று மாற்றியபின் பாக்கெட்டும் பாலும் ஒருவழியாகச் சமாதானமாயின.

சிஸ்டர் ஒருவர் சொல்லித்தந்த இரண்டு சங்கதிகள் எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் என் கண்ணில் படவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் கொழுப்பு மேலே திரண்டு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குலுக்காமல், மெல்லச் சுழற்றிக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். இல்லையென்றால் எடை ஏற்றும் பங்கு பாட்டிலோடு போய்விடும். இன்னொன்று: பால் தாராளமாக இருந்தால் முதலில் வருவதைத் தனியாகவும் பின்னால் வருவதைத் தனியாகவும் எடுக்கலாம். பின்பாலில்தான் கொழுப்பு அதிகம். எடை ஏறாமல் முரண்டு பிடித்த வாரத்தில் அவனுக்குப் பின்பாலில் தூள் கலந்து கொடுத்தார்கள்.

நடுவில் ஒரு நாள் வயிறு உப்பியது. தூளை நிறுத்தினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் குடல் அழற்சியோ என்ற பயம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது. இல்லை என்று ஆனது. பால் மட்டும் தொடர்ந்தது, பிறகு பாதிச் செறிவில் தூள் திரும்ப வந்தது. தூள்தான் காரணமா என்று கேட்டதற்கு யாரும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எடைதான் வீட்டின் அன்றாடச் செய்தி. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் வரை ஏறினால் நல்லது என்பது இலக்கு. ஏறாத நாளில் என் கணவர் தராசைச் சந்தேகிப்பார். டாக்டரோ எடையை மட்டும் நம்பவில்லை. வாரம் ஒரு முறை தலைச்சுற்றளவும் நீளமும் அளந்தார்கள். நீர் கோத்தாலும் எடை ஏறும், நீளம் ஏறாதே. ரத்தத்தில் யூரியா குறைவாக இருந்தபோது புரதம் போதவில்லை என்று பொருள் கொண்டு அதை மட்டும் கூட்டினார்கள். எலும்புக்காகப் பாஸ்பரஸ் அளவையும் பார்த்தார்கள்.

கர்ப்பக் கணக்கில் 34 வாரத்தை நெருங்கியதும் குழாய் போய், பால் புகட்டும் சிறு கிண்ணமான பாலாடை வந்தது. என் மாமியாருக்கு அன்றுதான் அந்தப் பிரிவின்மேல் நம்பிக்கை பிறந்தது; பாலாடை அவருக்குத் தெரிந்த கருவி. சில வேளை தூள் கலந்த பால் பாலாடையில், சில வேளை நேரடியாக மார்பில் என்று மாறி மாறிப் போயிற்று. 1,800 கிராமைத் தாண்டி, எடை சீராக ஏறத் தொடங்கியதும் பாக்கெட்டைக் குறைத்து நிறுத்தினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தவை வைட்டமின் டி சொட்டு மருந்தும் இரும்புச் சத்துச் சொட்டு மருந்தும், கண் பரிசோதனைக்கான தேதியும்தான்.

இப்போது உறவில் யாருக்காவது சிறிய குழந்தை பிறந்தால் எனக்குத்தான் போன் வருகிறது. போன வாரம் நாத்தனார் உறவில் ஒரு பெண். குழந்தை 36 வாரம், இரண்டு கிலோவுக்கு மேல், மார்பில் நன்றாகக் குடிக்கிறது. அந்தப் பாக்கெட்டின் பெயரைச் சொல் என்றாள். சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையே இதை எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் வழக்கமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் கொடுப்பது பற்றி யோசிக்கலாம் என்கிறது. அவளுக்குக் கோபம். "உன் பிள்ளைக்கு மட்டும் கொடுத்தாயே?" என்றாள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது எடை அட்டையை டாக்டரிடம் காட்டிக் கேள் என்று சொல்லி வைத்தேன்.