மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களே, தோலையும் பாருங்கள்

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, மாத்திரை நேரம் எல்லாம் நமக்கு மனப்பாடம். தோலைப் பற்றி மட்டும் பேச்சே வராது. புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் மருந்துகள் நோய் எதிர்ப்பைக் குறைப்பதால், தோல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. அந்த மருந்துகளில் ஒன்றான அசாதயோபிரின் சாப்பிட்டால் வெயில் இன்னும் சுலபமாகத் தாக்கும்.

“நம்ம கறுப்புத் தோலுக்கு வராது” என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. ஆபத்து குறைவுதான், இல்லாமல் போகவில்லை. அதுவும் நம் நிறத்தவர்களுக்கு வெயில் படாத இடத்திலும் வரும். பிறப்புறுப்புப் பகுதியில்கூட. கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இங்கே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குளிர்காலத்திலும் யூவி (புற ஊதாக் கதிர்) அளவு, பாதுகாப்பு தேவைப்படும் 3-ஐத் தாண்டும். அண்ணி வாசலிலேயே எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் பாட்டில் வைத்திருக்கிறார். தொப்பி போட்டால்தான் அண்ணன் கைக்குக் கார் சாவி வரும்!

ஆறாத புண், சொரசொரப்பான திட்டு எதைப் பார்த்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.