ஏழாவது வாரத்தில் எழுதிய கடிதம்

2022 ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, செம்பூர் வீட்டுக் குளியலறையில் நின்று கிட்டில் இரண்டு கோடுகளைப் பார்த்தேன். மாதவிலக்கு எனக்கு எப்போதும் முன்பின்னாகத்தான் வரும் என்பதால் நாள் தள்ளிப்போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஸ்கேனில் ஏழு வாரம் என்றார்கள். கணவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். நானோ மனதுக்குள் ஆய்வகத்து லாக் புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஏழு வாரத்தில் எத்தனை முறை காமா சேம்பரை, அந்தக் கதிர்க் கருவியை, திறந்து மூடினேன்?

என் பி.எச்டி. தலைப்பு, தீக்காயத்துக்கும் ஆறாத புண்ணுக்கும் மேலே போடும் ஹைட்ரோஜெல். பாலிவினைல் ஆல்கஹால் என்ற பாலிமரைத் தண்ணீரில் கரைத்து, அச்சில் ஊற்றி, நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை விரட்டிவிட்டு, கோபால்ட்-60 தரும் காமா கதிருக்குள் வைப்போம். 25 கிலோகிரே (உள்வாங்கிய கதிரை அளக்கும் அலகு கிரே) வாங்கி வெளியே வரும்போது கரைசல் நுங்குச் சுளைபோல் கெட்டிப்பட்டிருக்கும். அதே டோஸில் கிருமியும் ஒழிந்துவிடும். தனியாகச் சுத்திகரிக்க வேண்டியதில்லை. புண்ணில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், எடுக்கும்போது தோலைப் பிய்க்காது. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஜெல்லை உண்டாக்குவது தண்ணீர்தான். கதிர் பட்டதும் தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதனோடும் சட்டென்று வினைபுரியும் துணுக்கு பிறக்கும். அது பாலிமர் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும்; அப்படிப் பறிகொடுத்த இரண்டு சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நம் உடம்பிலும் பெரும்பங்கு தண்ணீர். காமா கதிரால் டி.என்.ஏ.வுக்கு வரும் சேதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இதே ராடிக்கலால் வருவது. ஒரு கிரே பட்டால் ஒரு செல்லுக்குள் ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளும் நாற்பது இரட்டை இழை முறிவுகளும் நேரும் என்று ஜூனியர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஜெல்லுக்கு 25,000 கிரே தருகிறோம். உடல் முழுதும் 4 கிரே பட்டால், சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அந்த 4 கிரே முழுவதும் வெப்பமாக மாறினால்கூட உடம்புச் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். ஆற்றல் அவ்வளவு சொற்பம், அது விழும் இடம்தான் ஆபத்து.

இதெல்லாம் தெரிந்திருந்ததால் பயம் குறையவில்லை, கூடியது. வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கதிர் அதிகம் தாக்கும் என்பது 1906இல் பெர்கோனியே, டிரிபோண்டோ என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் சொன்னது. கருவைவிட வேகமாகப் பிரிவது எது? அவர் தூங்கிய பிறகு இரவு இரண்டு மணிவரை படித்தேன். ஹிரோஷிமா, நாகசாகியில் கருவிலிருந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததில், மூளை வளர்ச்சிக்கு மிகவும் ஆபத்தான காலம் 8 முதல் 15 வாரம் என்று தெரியவந்தது. 100 மில்லிகிரேக்குக் கீழ் இருந்தால் அதைக் காரணமாக வைத்துக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. ஆனால் கர்ப்ப காலத்தில் எடுத்த எக்ஸ்-ரேக்கும் குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் காட்டியபோது, அந்த டோஸ்கள் இதைவிட மிகக் குறைவானவை. ஒரு வரி தைரியம் சொன்னால் அடுத்த வரி பறித்துக்கொண்டது.

ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். "மக்ளே, அந்தக் கதிரு வேலைய இப்பவே விட்டுரு. பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா படிப்ப வச்சு என்ன செய்ய?" எங்கள் ஊர் மணவாளக்குறிச்சி. கடற்கரைக் கருமணலில் மோனசைட் என்ற தாதுவோடு கதிரியக்கமுள்ள தோரியமும் கிடக்கும் ஊர். அந்த மணலில் விளையாடித்தான் வளர்ந்தேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அத்தை நாற்பது வருஷமாக மும்பையில் இருந்தாலும் பேச்சில் திருநெல்வேலி மாறாதவர். அவர் கவலை வேறு. "ஏம்மா, நீ உடுப்ப மாத்திட்டுத்தான வாரே? ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துராதுல்லா?" காமா கதிரும் ஒரு வகை வெளிச்சம்தான் அத்தை, விளக்கை அணைத்த பிறகு சேலையில் வெளிச்சம் ஒட்டியிருக்குமா, ஜெல்லிலும் ஒட்டாது, என்மேலும் ஒட்டாது என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. சாயங்காலம் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்து பூசிவிட்டார்.

திங்கட்கிழமை கடிதம் எழுதினேன். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் வழக்கம். கதிர் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த வழக்கம் உதவாது. 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள்படி, கர்ப்பம் என்று தெரிந்ததும் பெண் பணியாளர் நிறுவனத்துக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். எதற்காக என்பதும் அதிலேயே இருக்கிறது: அவருடைய பணிச்சூழலை மாற்றியமைப்பதற்காக. வேலையிலிருந்து நீக்குவதற்காக என்று எங்கேயும் இல்லை. தெரிவித்த நாளிலிருந்து பிரசவம்வரை கருவுக்கான வரம்பு மொத்தமாக 1 மில்லிசீவர்ட் (உடம்பில் கதிரின் விளைவை அளக்கும் அலகு சீவர்ட்; காமாவுக்கு ஒரு கிரேயும் ஒரு சீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்). கடிதத்தில் நான்கே செய்தி வைத்தேன்: எத்தனை வாரம், எந்தத் தேதி முதல் எந்தக் கருவியில் வேலை செய்தேன், நான் வாங்கிய கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜைக் காலாண்டு முடியக் காத்திராமல் உடனே படிக்க அனுப்ப வேண்டும், வயிற்றுப் பக்கம் அணிய இன்னொரு பேட்ஜ் வேண்டும். பாதுகாப்பு அலுவலர், துறைத் தலைவர், கைடு மூவருக்கும் நகல். கையெழுத்தும் தேதியும் போட்ட நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டேன்.

துறையிலிருந்து பதினோரு நாள் பதில் இல்லை. பாதுகாப்பு அலுவலர் மேடம் கடிதம் கொடுத்த அன்று மதியமே வந்துவிட்டார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மராட்டிக்காரர். "லாக் புக்கைக் கொண்டு வா, எத்தனை நிமிடம் நின்றாய் என்று பார்ப்போம்" என்றார் இந்தியில்.

எங்கள் கருவி ஒரு ஈயக் கோட்டை. உள்ளே கோபால்ட் பென்சில்கள் வளையமாக நிற்கும், அவை அசைவதே இல்லை. மாதிரியை மேலே டிராயரில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், டிராயர் கீழே இறங்கி வளையத்துக்கு நடுவே போய் நிற்கும். நேரம் முடிந்ததும் ஏறி வரும். மேடம் கதிரளவு காட்டும் சர்வே மீட்டரை எடுத்துக்கொண்டு கருவியைச் சுற்றி வந்தார். நான் நிற்கும் இடம், டிராயர் வாய், பின்பக்கம், என் நாற்காலி. எல்லா இடத்திலும் என் இடுப்பு உயரத்தில் வைத்துப் படித்தார். கண்ட மிக அதிக எண், மணிக்கு 1 மைக்ரோசீவர்ட், அதாவது ஒரு மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லாக் புக்கில் வாரத்துக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். ஏழு வாரத்துக்கு 350 நிமிடம், ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. எல்லா நிமிடமும் அந்த மோசமான இடத்திலேயே நின்றதாக வைத்துக்கொண்டாலும் 6 மைக்ரோசீவர்ட். இயற்கையிலிருந்து உலகச் சராசரியாக ஒரு மனிதருக்கு வருவது ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஏழு வார வேலை, அந்தக் கணக்கில் ஒரே நாள்.

கணக்கு முடிந்த தாளை மேடம் என்னிடமே தந்தார். அதைப் படித்துக்கொண்டு வராந்தாவில் கொஞ்ச நேரம் அழுதேன். அதுவரை என்னிடம் பேசிய எல்லோரும் "ஒண்ணும் ஆகாது" என்றோ "விட்டுவிடு" என்றோதான் சொன்னார்கள். ஒரு எண்ணை எடுத்து என் கையில் தந்தவர் அவர் ஒருவர்தான்.

பேட்ஜ் முடிவு வர மூன்று வாரம் ஆனது. பேட்ஜுக்குள் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் தட்டுகள் மூன்று இருக்கும். வாங்கிய கதிரை நினைவில் வைத்திருந்து, சூடாக்கும்போது ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியை அளந்தால் டோஸ். பதிவு செய்யும் அளவைக்கூட எட்டவில்லை என்று வந்தது. தினமும் மார்பில் குத்திக்கொள்ளாமல் மேசை டிராயரில் போட்டுவைக்கும் ஆராய்ச்சி மாணவிகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து குத்திக்கொள்ளுங்கள். இப்படி ஒரு நாள் வரும்போது அது ஒன்றுதான் உங்கள் பக்கம் சாட்சி சொல்லும்.

பதினோராம் நாள் துறையில் மூத்தவர் ஒருவர் கூப்பிட்டார். தலைப்பையே மாற்றிக்கொண்டால் என்ன, அல்லது ஒரு வருஷம் ஒதுங்கியிருந்தால் என்ன என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, பொறுப்புக்கு அஞ்சினார். மூன்று வருஷ ஜெல்லை விட்டுத்தரச் சொல்வது எனக்கு என்ன என்பதை அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். விதியின் அந்த வாசகத்தையும் மேடத்தின் தாளையும் மேசையில் வைத்தேன். கைடு என் பக்கம் நின்றார். சேம்பரில் மாதிரி வைப்பதை ஜூனியர் பையன் எடுத்துக்கொள்வது, ஜெல் தயாரிப்பும் அளவீடும் எழுத்தும் என்னுடையது என்று முடிவானது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு சேம்பரை நானே இயக்கியிருக்கலாம். இருந்தும் தவிர்க்க முடிகிற டோஸைத் தவிர்ப்பதுதான் முறை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

கருவிதான் எல்லோர் கண்ணுக்கும் பூதமாகத் தெரிந்தது. பக்கத்து மேசை யாருக்கும் உறுத்தவில்லை. செல்களைப் பதப்படுத்த ஃபார்மலின், சாயமேற்ற எத்திடியம் புரோமைடு, திசு வெட்டுகளுக்கு சைலீன். இவற்றுக்கு பேட்ஜ் கிடையாது, யாரும் கணக்கு வைப்பதில்லை. ரசாயன ஆவியை வெளியே இழுக்க வேண்டிய எங்கள் ஃப்யூம் ஹூட்டின் முகப்பில் டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்த்தபோது அது உள்ளே இழுபடவே இல்லை. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ! என் பிள்ளைக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் என்று அன்று தோன்றியது, இன்றும் அப்படியே நினைக்கிறேன். இரண்டாவது கடிதம் இதற்காக எழுதினேன். மோட்டாரை மாற்றும்வரை ஃபார்மலின் பக்கமே போகவில்லை. இதைப் படிக்கும் தங்கைகளில் யாராவது என் நிலையில் இருந்தால், கதிர் கருவியைப் பற்றிக் கேட்கும் அதே நாளில் ரசாயன அலமாரியைப் பற்றியும் கேளுங்கள் அம்மா.

அம்மாவைத் தேற்ற உதவியது கொல்லம் கடற்கரைதான். எங்கள் மணலைப் போன்ற மணல் அங்கேயும். அங்குள்ள கருநாகப்பள்ளியில் வெளிப்புறக் கதிர் அளவு சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரேவரை போகும். அந்த மக்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு, புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009இல் வெளியானது. அந்தக் கரையோரம் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வுகளிலும் பிறவிக் குறைபாடு கூடுதலாகத் தெரியவில்லை. இதைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நம்ம ஊருக்கே வந்து பெத்துக்க" என்றாள். இதை வைத்துக்கொண்டு எவ்வளவு டோஸும் பரவாயில்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. அது பெரியவர்கள் வாழ்நாள் முழுக்கச் சிறுகச் சிறுக வாங்குவது. ஒரே நாளில் மொத்தமாக வாங்குவது வேறு கதை.

விடுப்புக்கும் ஒரு அலைச்சல் இருந்தது. பி.எச்டி. மாணவிகளுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பை 2016இலேயே யு.ஜி.சி. விதியில் கொண்டுவந்துவிட்டது, ஆய்வை முடிக்கப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் காலமும் உண்டு. அலுவலகத்தில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. விதியின் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு பின்செய்து கொடுத்தேன். உதவித்தொகை இரண்டு மாதம் நின்று பிறகு வந்தது.

2023 பிப்ரவரியில் மகள் பிறந்தாள். மணவாளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் ஐந்து மாதம் வைத்திருந்தேன். அம்மா அவளைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவதை நான் தடுக்கவில்லை.

அக்டோபரில் திரும்ப வந்தேன். பாலூட்டும் தாய் என்பதால் மேடத்திடம் அதற்கும் ஒரு முறை கேட்டுக்கொண்டேன். வெளியிலிருந்து படும் காமா பாலில் சேராது, மூடிய கதிர் மூலத்தில் வேலை செய்யத் தடையில்லை என்றார். மார்பில் பேட்ஜைக் குத்திக்கொண்டு பதினாறு மாதத்துக்குப் பிறகு டிராயரைத் திறந்தேன். கோபால்ட்-60 பாதியாகத் தேய 5.27 ஆண்டு ஆகும். நான் கடைசியாகப் பயன்படுத்தியபோது மணிக்கு 2 கிலோகிரே தந்தது, 25 கிலோகிரேக்குப் பன்னிரண்டரை மணி நேரம். இப்போது 1.68தான் தருகிறது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, டைமரில் 14 மணி 53 நிமிடம் வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.