கூழுக்கு எந்தப் பாட்டில்?

2023 ஜனவரியில் ஒரு ராத்திரி, ஸ்டேஜ் 6 என்கிற கடுமையான மின்வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் ஒரு கூழ் பாட்டில் வெடித்தது. தீபாவளி வெடி மாதிரியெல்லாம் இல்லை, 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலையில் கதவைத் திறந்தால் வெண்டைக்காயில் கூழ், முட்டை மேல் கூழ், யாருக்கோ பிறந்தநாளுக்கென்று என் மனைவி செய்து வைத்திருந்த கேக்கின் மேலும் கூழ். நான் சிவகாசிக்காரன். வெடிக்கிற சரக்குக்கு லேபிள் ஒட்டும் ஊரில் பிறந்துவிட்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து கூழ் வெடித்து வீட்டில் திட்டு வாங்கியது கொஞ்சம் அதிகம்தான்.

அந்தக் கூழ் டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஒரு பெரியம்மாவுடையது. சொந்தமெல்லாம் இல்லை, பழக்கத்தில் பெரியம்மா. இந்த ஊரில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை 'பொரிஜ் பிரேயர்' என்பார்கள். அந்த ஒரு மாதம் எந்த வீட்டுக் கூழ் நன்றாக இருந்தது என்று தெருத் தெருவாகப் பேச்சு ஓடும், அதில் இவர் பெயர் எப்போதும் வரும். கேழ்வரகு கிடையாது. மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவும், மபேலே மாவும் (அது நம்மூர்ச் சோளம்தான்) கலந்து இரண்டு நாள் புளிக்கவைத்துக் காய்ச்சுவார். பெரியம்மாவுக்கு வீட்டில் பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷ்தான், ஆனால் அடுப்படிக்குள் போய்விட்டால் புளிப்பு, பதம், துழாவு, கரை என்று எல்லாம் சுத்தமான தமிழில் வரும், எங்கள் அம்மா கேட்டால் அசந்துபோவார்.

இதை வருஷம் முழுக்க விற்கலாமே என்று அவருடைய மகளுக்கு ஒரு யோசனை. ஜிம்முக்குப் போகிறவர்கள் இப்போது புளிக்கவைத்த பானம் என்றால் விழுந்தடித்து வாங்குகிறார்களாம். நான் லேபிளும் பெட்டியும் வரைந்து பிழைக்கிறவன் என்பதால் ஆள் அனுப்பினார்கள். "தம்பி, பாக்க நல்லா இருக்கணும், ஆனா குப்பையாப் போகக் கூடாது" என்றார் பெரியம்மா. அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

முதலில் நான் செய்ததெல்லாம் மீசைக்காகத்தான், ஒத்துக்கொள்கிறேன். சோள மாவுக் கூழுக்குச் சோளத்திலிருந்தே செய்த பாட்டில் என்றால் கதை எவ்வளவு அழகு! பி.எல்.ஏ என்று ஒன்று இருக்கிறது, மக்காச்சோளம் கரும்பு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்து செய்கிற பிளாஸ்டிக், பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், மக்கும் என்று எழுதியிருப்பார்கள். சாம்பிள் நாலு வரவழைத்தேன். பெரியம்மா சூடு ஆறுவதற்குள் கூழை ஊற்றிவிட்டார். பாட்டில் மெல்லத் தோளைக் குறுக்கிக்கொண்டு, இடுப்பு வளைந்து, கல்யாண வீட்டில் வயதான மாமா நாற்காலியில் சரிந்து தூங்குவதைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அறுபது டிகிரியை நெருங்கும்போதே அது இளகிவிடும். இளகினாலும் பரவாயில்லை, ஆறவைத்து ஊற்றலாம். ஆனால் அது மக்குவதற்கும் கிட்டத்தட்ட அதே அறுபது டிகிரி சூட்டை வாரக்கணக்கில் காட்டும் பெரிய உர ஆலை வேண்டும். கொல்லையில் புதைத்தால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். எங்கள் தெருவிலிருந்து அப்படி ஓர் ஆலைக்குப் போகும் வண்டி எதுவும் இல்லை. மக்கும் என்று லேபிளில் எழுதிவிட்டு, எங்கே மக்கும் என்பதை வாங்குகிறவர் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து அட்டைப் பெட்டி. இங்கே ஜூலு மக்கள் அமாஹேவு என்று குடிப்பது ஏறக்குறைய நம் கூழ்தான், கடையில் மகேயு என்று அட்டைப் பெட்டியில் விற்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படியே போய்விடலாம் என்று நினைத்தேன். பெட்டி வெளியே அட்டை, சரி. கெடாமல் வெகுநாள் வெளியில் வைக்கிற வகைப் பெட்டியை ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் பாருங்கள்: முக்கால் பங்கு அட்டை, மீதியில் பாலித்தீன் ஏடு, அதற்கும் உள்ளே மயிரிழை போல அலுமினியம். பிரித்தெடுக்க அதற்கென்றே ஆலை வேண்டும். அதைவிட, பெட்டி நிரப்பும் மிஷினின் விலையைக் கேட்டதும் பெரியம்மாவின் மகள் போனையே வைத்துவிட்டாள்.

அப்புறம்தான் சாதாரணப் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுப் பார்த்தோம், அதில் ஒன்றுதான் என் ஃபிரிட்ஜில் வெடித்தது. கூழ் உயிருள்ள சரக்கு. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் தூங்கும், கரண்ட் போய் ஃபிரிட்ஜ் சூடேறினால் எழுந்து வேலையைத் தொடங்கும், வாயு விடும். இறுக மூடினால் பாட்டில் பலூன். லேசாக மூடினால் ஒழுகல். கூழை யோசிக்காமல் பாட்டிலை மட்டும் வரைந்த என் தப்புதான் அது.

அந்த வாரம் குப்பை எடுக்கும் நாளன்று காலையில், வெடிக்காமல் பிழைத்த பாட்டில்களையும் பி.எல்.ஏ சாம்பிள்களையும் அள்ளி வாசலில் வைத்தேன். எங்கள் தெருவுக்கு, நகராட்சி வண்டி வருவதற்கு முன்னால், தட்டையான வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு ஜூலுக்காரர் வருவார், அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சாக்கு. இந்த நாட்டில் மறுசுழற்சிக்குப் போகிற பேக்கேஜிங்கில் பெரும்பகுதி இப்படிப்பட்டவர்கள் கையால் பொறுக்கி எடுத்ததுதான். பத்து வருஷமாகப் பாட்டிலுக்கு லேபிள் வரைகிறேன், இவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'சவுபோனா' சொல்லி, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜூலுவில், எது எடுப்பீர்கள், எது எடுக்க மாட்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் பேசவே இல்லை, கையால்தான் காட்டினார். நிறமில்லாத தண்ணீர் பாட்டில், சாக்குக்குள். வெள்ளைப் பால் பாட்டில், மூடியைத் திருகி எடுத்துவிட்டு, சாக்குக்குள். கழுத்திலிருந்து அடிவரை பளபளவென்று சட்டை போட்ட மாதிரி பிளாஸ்டிக் உறை மாட்டிய ஜூஸ் பாட்டிலை எடுத்து, நகத்தால் ஒரு ஓரத்தைக் கிள்ளிப் பார்த்து, கிழியாததால் திரும்பக் குப்பையிலேயே போட்டார். அந்த மாதிரி உறை நானே எத்தனையோ வரைந்திருக்கிறேன். கடைசியாக என் பி.எல்.ஏ பாட்டில். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அமுக்கினார், அது 'சடக்' என்று நொறுங்கியது. சிரித்துவிட்டுக் கீழே வைத்தார்.

உள்ளே வந்து ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, கத்தரிக்கோலால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டேன். ஆலையிலும் பெரிய தொட்டியில் இதைத்தான் செய்கிறார்கள், நீங்களும் வீட்டில் செய்யலாம், ரொம்ப சுலபம். தண்ணீர் பாட்டிலின் துண்டு, அதாவது அடியில் 1 என்று போட்டிருக்கும் பெட், கல் மாதிரி நேரே அடிக்குப் போனது. அதன் மூடித் துண்டும் மெல்லிய லேபிளும் மிதந்தன. பால் பாட்டில், 2 போட்டிருப்பது, அதுவும் மிதந்தது. நான் வரைகிற அந்தப் பளபள உறை? அது பெட்டோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்தது. பி.எல்.ஏ துண்டும் அங்கேயேதான். பிரிக்க முடியாது, ஆனால் பெட் உருகும் சூடு வேறு, பி.எல்.ஏ உருகும் சூடு வேறு, இரண்டும் கலந்தால் பெட்டுக்கும் கேடு. இயற்கைக்கு நல்லது என்று நினைத்து நான் தேர்ந்தெடுத்த ஒன்று, ஒழுங்காகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்ததையும் கெடுக்கும் என்று அந்தச் செம்புத் தண்ணீரில்தான் தெரிந்தது. 2021 மே முதல், பேக்கேஜிங்கைச் சந்தையில் விடுகிறவர்களே அது குப்பையான பிறகும் பொறுப்பு என்று இங்கே சட்டமே இருக்கிறது. ஆபீஸில் அது பற்றிய பயிற்சிக்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறேன், பிஸ்கட்டும் டீயும் நன்றாக இருந்தன.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் போய் ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் தம்பி, பாட்டில்ல பாதி தண்ணிதானே? தண்ணி அவங்க வீட்லயே இருக்கே, நீ ஏன் அதைத் தூக்கிட்டுப் போறே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆத்தா கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, உருண்டையாகத் தண்ணீரில் போட்டு வைத்து, வேண்டும்போது எடுத்து மோர் விட்டுக் கரைத்துத்தான் கொடுப்பார். இது எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். கெட்டிக் கூழாக விற்றால் கால் லிட்டர் ஜாடியில் நாலு டம்ளர் வரும். நாலு பாட்டில் செய்யும் வேலையை ஒரு ஜாடி செய்யும்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. கெட்டிக் கூழுக்கு அகன்ற வாய் வேண்டும், கரண்டி உள்ளே போகவேண்டும், அதனால் கண்ணாடி ஜாடி. புளித்த கூழை நன்றாகக் கொதிக்கவைத்து, ஜாடியையும் வெந்நீரில் சூடாக்கிவிட்டு (குளிர்ந்த ஜாடியில் ஊற்றினால் விரிசல் விடும், இரண்டு போயிற்று), சுடச்சுட நிரப்பி மூடுகிறோம். ஆறும்போது மூடியின் நடுவில் இருக்கும் பொட்டு 'டொக்' என்று உள்ளே குழியும். கூழ் மறுபடி புளிக்க ஆரம்பித்தால் அந்தப் பொட்டு மேலே எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். புளிப்பு தகரத்தை அரிக்கும் என்பதால் உட்பக்கம் பூச்சு உள்ள மூடியாகப் பார்த்து வாங்கவேண்டியிருந்தது. கொதிக்கவைத்தால் நல்ல நுண்ணுயிர் செத்துவிடுமே, ஜிம்காரர்கள் அதற்காகத்தானே வாங்குகிறார்கள் என்று மகள் கேட்டாள். "மோர் ஊத்தித்தானே கரைப்பாங்க, அதுல இருக்கு போ" என்று பெரியம்மா முடித்துவிட்டார். இங்கே அமாசி என்று கெட்டியான புளித்த பால் எல்லாக் கடையிலும் கிடைக்கும், அதை விட்டுக் கரைத்தால் இன்னும் ருசி.

கண்ணாடி என்றால் கனம். என் வீட்டுத் தராசில் ஜாடி 190 கிராம், அதே அளவு பிளாஸ்டிக் டப்பா 20. லாரியில் ஜோகன்னஸ்பர்க் வரை போய்த் திரும்பாமலே இருப்பதாக இருந்தால் கண்ணாடி வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாட்ஸ்வர்த்துக்குள்ளும் பக்கத்து ஏரியாக்களிலும் விற்று, காலி ஜாடி திரும்பி வந்து, கழுவி மறுபடி நிரப்பினால்தான் அந்தக் கனத்துக்கு அர்த்தம். ஆகவே ஒரு ஜாடிக்கு 10 ராண்ட் முன்பணம், ஜாடி வந்தால் பணம் திரும்பும். தூரத்துக் கடைகள் கேட்டால் பால் பாட்டில் ரகத்தில் வாய் அகன்ற டப்பா, மூடியும் அதே ரகம், நிறம் எதுவும் சேர்க்காமல். அந்தச் சாக்கு வண்டிக்காரர் எடுத்ததைத்தான் எடுத்தோம்.

லேபிள்தான் என்னைப் படுத்தியது. மேட் லேமினேஷன் (பளபளக்காத மெல்லிய பிளாஸ்டிக் ஏடு) போட்ட ஸ்டிக்கர் கைக்கு அவ்வளவு சுகமாக இருக்கும், ஆனால் கழுவினால் போகாது, சுரண்டினால் பசை பிசுபிசுவென்று நிற்கும், பத்து ஜாடி சுரண்டிவிட்டு விட்டுவிட்டேன். காகித லேபிளை மாவுப் பசையில் ஒட்டினால் டர்பனின் புழுக்கத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜாடி வியர்த்து, லேபிள் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். கடைசியில் ஊர்தான் கைகொடுத்தது. சிவகாசியில் வெடியைச் சுற்றிக் காகிதத்தை இழுத்து, காகிதத்தின் மேல் காகிதத்தை மட்டும் ஒட்டுவார்கள். அதே மாதிரி ஜாடியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை, முனையும் முனையும் மட்டும் ஒட்டு, கண்ணாடியில் துளிப் பசை படாது. நகத்தால் கிழித்தால் முழுசாக வந்துவிடும்.

அதில் என்ன எழுதுவது என்பதில் ஒரு தமாஷ். 'ஆரோக்கிய பானம்' என்று மகள் பெரிதாக எழுதச் சொன்னாள். இங்கே 2010-இல் வந்த லேபிள் விதிப்படி, ஆரோக்கியம், சத்தானது என்கிற மாதிரி வார்த்தைகளை உணவுப் பொருள் மேல் இஷ்டத்துக்குப் போடக் கூடாது. பச்சை இலைப் படமும் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், எல்லாரும் போட்டுப் போட்டு அதற்கு மரியாதை போய்விட்டது. கடைசியில் தமிழில் 'கூழ்' என்று ஒரே சொல் பட்டை அகலத்துக்கு, கீழே இங்கிலீஷில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்படிக் கரைப்பது, ஜாடியைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அந்த 'ழ்' எழுத்தைப் படம் என்று நினைத்து, இது என்ன பூச்சி என்று கேட்கிறார்களாம்.

முதல் வாரம் 24 ஜாடி போனது. அடுத்த சனிக்கிழமைக்குள் 19 திரும்பி வந்தது. அதில் ஒன்றை, பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று யாரோ ஒரு மகராசி, மாங்காய் ஊறுகாய் நிரப்பி அனுப்பியிருந்தார். ஊறுகாய் தீரும்வரை ஜாடி வந்ததாக ஆகாது என்று பெரியம்மா நோட்டில் 18 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.