நெற்று காயும் வரை

இந்த முறை செடி பீன்ஸில் ஒரு காயைக்கூடப் பச்சையாகப் பறிக்கக் கூடாது, முழுக்க உலர் பயறாகத்தான் எடுக்க வேண்டும் என்று இருந்தேன். சிவப்பு ராஜ்மா விதை 24 ஊன்றினேன். ஆழம் 3 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. எட்டாம் நாளுக்குள் 21 முளைத்துவிட்டன.

கொடி வகைபோல் இதற்குப் பந்தல் வேண்டாம். முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும், காய்களும் ஏறத்தாழ ஒன்றாகவே முற்றும். உரம் அதிகம் போடவில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலைதான் மண்டும். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு! காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும் வேலை நடக்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். ஒரு செடி போனதில் வருத்தமில்லை.

75ஆம் நாள் காய்கள் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தினேன். 88ஆம் நாள் மேகம் கட்டியது. நெற்று நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், இல்லை உள்ளேயே முளைத்துவிடும். மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த நான்கு நெற்றுகளில் ஏற்கெனவே வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. மற்றதையெல்லாம் வேரோடு பிடுங்கி, கூரைக்குக் கீழே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டேன். பத்து நாள் கழித்து உலுக்கினால் கலகலவென்று சத்தம். அழுத்தினால் நெற்று டப்பென்று வெடித்து, இரண்டு தோடும் முறுக்கிக்கொள்கிறது. பயறைக் கடித்தால் பல் பதியக் கூடாது, பதியவில்லை. புடைத்து எடுத்ததில் 540 கிராம். நல்ல விதையாக 30 தனியே வைத்தேன். மீதியை வண்டுக்குப் பயந்து மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தேன். ஈரம் முழுக்கப் போனபிறகே இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விதை செத்துவிடும்.

அப்புறம் சமையல். இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். உப்பு தோலை இளக்கும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டேன். ராஜ்மாவில் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேகாத பயறில் உள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். குறைந்தது 10 நிமிடமாவது கொதிக்க வேண்டும். நான் அரை மணி நேரம் விட்டேன். மிதமான சூடு போதாது. பிறகு தீயைக் குறைத்ததும் இன்னொரு கால் மணி நேரத்தில் வெந்துவிட்டது. நாள்பட்ட பயறு ஒன்றரை மணி நேரமானாலும் கடுக்கென்று நிற்கும். தக்காளியைப் பயறு மசிந்த பிறகுதான் சேர்த்தேன், புளிப்பு முன்னால் சேர்ந்தால் வேகாது.

தோல் பிரியாமல், உள்ளே வெண்ணெய்போல் இருந்தது. வெந்த தண்ணீரையும் விடவில்லை, குடித்துவிட்டேன்.