தோனி ரன் அவுட் ஆனபோது சர்வர்களுக்கு என்ன நேர்ந்தது

2019 ஜூலை 10 அன்று மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில், முந்தைய நாள் மழையால் பாதியில் நின்ற உலகக் கோப்பை அரையிறுதி மீண்டும் தொடங்கியது. நியூசிலாந்தின் 239 ரன்களைத் துரத்திய இந்தியா ஆரம்பத்திலேயே விக்கெட்டுகளைப் பறிகொடுத்துவிட, ஜடேஜாவும் தோனியும் ஆட்டத்தை இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை 2.53 கோடியைத் தொட்டது. 49-ஆவது ஓவரில் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டு தோனி வெளியேறினார். ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் பின்னர் பொதுமேடையில் காட்டிய வரைபடத்தில் அதற்குப் பிறகு கோடு செங்குத்தாகக் கீழே விழுகிறது. இரண்டரைக் கோடியிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சத்துக்கு.

சர்வர் மென்பொருள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த வரைபடத்தின் ஏற்றத்தை விட இறக்கமே எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. கூட்டம் கலைந்தால் சர்வர்களுக்கு ஓய்வு என்றுதான் எவரும் நினைப்போம். ஆனால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கைபேசி செய்வதெல்லாம், சில விநாடிகளுக்கு ஒருமுறை அடுத்த காணொளித் துண்டைக் கேட்டு வாங்குவது மட்டுமே. அந்தத் துண்டுகள், பயனர்களுக்கு அருகிலேயே நகல்களை வைத்துக் கொடுக்கும், நாடெங்கும் பரவியுள்ள சிடிஎன் சேமிப்புகளிலிருந்து வந்துவிடுவதால், நிறுவனத்தின் மைய சர்வர்களுக்கு அதில் பெரிய பங்கில்லை. மனமுடைந்த ரசிகர் செயலியை மூடாமல் 'பேக்' பொத்தானை அழுத்தும்போதுதான் நிலைமை மாறுகிறது. முகப்புப் பக்கம் திறக்கிறது. அது அவர் பாதியில் விட்ட தொடர்களையும், அவருக்கேற்ற பரிந்துரைகளையும், அவரது சந்தா விவரத்தையும் கேட்கிறது. இவற்றில் ஒன்றையும் எல்லோருக்கும் பொதுவாகச் சேமித்து வைத்துக் கொடுக்க முடியாது. கோடிக்கணக்கானவர்கள் சில நிமிடங்களுக்குள் அந்தப் பொத்தானை அழுத்தினால், பார்வையாளர் எண்ணிக்கை சரியும் அதே கணத்தில் முகப்புப் பக்கச் சேவைகளின் சுமை உச்சத்துக்குப் போகும். பார்வையாளர் எண்ணிக்கையை மட்டும் நம்பி சர்வர்களைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி ஏற்பாடு ஒன்று அங்கே இருந்திருந்தால், தேவை மிக அதிகமாக இருந்த நிமிடத்தில் அது சர்வர்களை அணைத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே "எத்தனை பேரைத் தாங்கும்?" என்ற கேள்வியை, வாடிக்கையாளர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும், நான் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. விநாடிக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் உள்ளே எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் கணக்கே தொடங்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: ஓர் அமைப்பின் உள்ளே சராசரியாக இருப்பவர்களின் எண்ணிக்கை, வருகை வேகத்தையும் ஒவ்வொருவரும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். விநாடிக்கு 1,000 கோரிக்கைகள் வந்து ஒவ்வொன்றும் 0.2 விநாடி தங்கினால், எந்தக் கணத்திலும் 200 கோரிக்கைகள் உள்ளே இருக்கும். ஜாவா உலகில் பரவலாகப் பயன்படும் டாம்கேட் சர்வர், நாம் எதையும் மாற்றாத வரை, அதிகபட்சம் 200 த்ரெட்களை (ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் போன்றது) வைத்துக்கொள்ளும். அதாவது இந்தக் கணக்கு அதன் விளிம்பில் நிற்கிறது. இப்போது டேட்டாபேஸ் சற்றே மந்தமாகி, தங்கும் நேரம் 0.4 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தேவை 400, கையிலிருப்பது 200. இனி விநாடிக்கு 500 கோரிக்கைகளுக்கு மேல் முடிக்க முடியாது. மீதி 500 வரிசையில் சேர்ந்துகொண்டே போகும்.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அந்த 200 த்ரெட்களும் டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்திருக்கின்றனவே தவிர எதையும் கணக்கிடவில்லை என்பதால், சர்வரின் சிபியு பயன்பாடு இருபது சதவீதத்தைக்கூடத் தாண்டாமல் இருக்கலாம். சிபியு அறுபது சதவீதத்தைத் தாண்டினால் புதிய சர்வரைச் சேர் என்று கிளவுடில் (இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில்) விதி எழுதி வைத்திருப்பவருக்கு, பயனர்கள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் கண்காணிப்புப் பலகை முழுக்கப் பச்சையாகவே தெரியும்.

காத்திருப்பதற்கு ஒரு முழு த்ரெட்டை ஒதுக்குவது வீண்செலவு என்பது புதிதாகக் கண்டறிந்த உண்மையன்று. லினக்ஸில் ஒரு த்ரெட்டின் ஸ்டாக்குக்கு (அதன் தற்காலிக வேலைகளுக்கான நினைவகப் பகுதிக்கு) வழக்கமாக 8 எம்பி முகவரி இடம் ஒதுக்கப்படுகிறது. அத்தனையும் உடனடியாக நினைவகத்தை அடைத்துக்கொள்வதில்லை என்றாலும், ஆயிரக்கணக்கான த்ரெட்களுக்கு இடையில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறி மாறித் தாவும் செலவு மெல்ல ஏறிக்கொண்டே போகும். 1999-இல் டான் கெகல் என்ற பொறியாளர், ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளை ஏன் தாங்க முடியவில்லை என்று கேட்டு எழுதிய குறிப்பு 'சி10கே சிக்கல்' என்ற பெயரில் நிலைத்துவிட்டது. அன்றைய வன்பொருளுக்கு அது முடியாத வேலை அன்று. பத்தாயிரம் இணைப்புகளில் எதில் தரவு வந்திருக்கிறது என்று அறிய, 'செலக்ட்' (select), 'போல்' (poll) ஆகிய கெர்னல் அழைப்புகள் ஒவ்வொரு முறையும் பத்தாயிரத்தையும் தடவிப் பார்த்ததே தடையாக இருந்தது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் கேக்யூவும் லினக்ஸில் ஈபோலும் வந்த பிறகு, தரவு வந்த இணைப்புகளை மட்டும் கெர்னலே சொல்லத் தொடங்கியது. அந்த அடித்தளத்தின் மீது இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வலை சர்வர், ஒரு சிபியு கோருக்கு ஒரு பிராசஸ் (ஓடும் நிரல்) என்ற அளவிலேயே ஆயிரக்கணக்கான இணைப்புகளை நடத்திக் காட்டியது.

அந்த முறையின் விலையைச் செலுத்தியவர்கள் நிரல் எழுதுபவர்கள். நேராக மேலிருந்து கீழே படிக்கக்கூடிய நிரலை, நிகழ்வு வந்தால் இதைச் செய், அது முடிந்தால் அதைச் செய் என்று துண்டாடி எழுத வேண்டியிருந்தது, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸின் தொடக்க காலத்தில், வேலை முடிந்ததும் அழைக்கப்படும் கால்பேக்குக்குள் கால்பேக் என்று வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும் நிரல்களைப் பராமரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் 1986-இலிருந்து தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங் மொழி, இதற்கு வேறொரு வழியை முன்பே வைத்திருந்தது: மிக எடை குறைந்த பிராசஸ்களை இலட்சக்கணக்கில் உருவாக்கு, அவை நினைவகத்தைப் பகிராமல் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளட்டும், ஒன்று விழுந்தால் மற்றொன்று அதை எழுப்பட்டும். வாட்ஸாப் அந்த மொழியைத் தேர்ந்தெடுத்து, ஃப்ரீபிஎஸ்டி ஓடும் ஒரே சர்வரில் 20 இலட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக 2012 ஜனவரியில் அறிவித்தது. 2009-இல் வந்த கோ (Go) மொழியின் எடை குறைந்த த்ரெட்டான கோரூட்டீன் 2 கேபி ஸ்டாக்குடன் பிறக்கிறது. ஜாவாவும் 2023 செப்டம்பரில் வெளியான 21-ஆவது பதிப்பில் விர்ச்சுவல் த்ரெட்களை நிரந்தர அம்சமாக்கிக்கொண்டது. பழைய நேரான நடையிலேயே எழுதலாம், காத்திருப்பதற்கும் ஏறக்குறைய செலவில்லை என்ற நிலைக்கு மொழிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்த முன்னேற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதன் பக்கவிளைவு போதிய அளவு பேசப்படுவதில்லை. 200 த்ரெட் என்ற பழைய வரம்பு, யாரும் திட்டமிடாமலேயே ஒரு தடுப்பணையாகவும் இருந்தது. 201-ஆவது கோரிக்கை வாசலில் நின்றதால், பின்னால் இருந்த டேட்டாபேஸுக்கு அந்த வெள்ளம் போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கோரூட்டீன் என்று திறந்துவிட்ட சர்வரில் அந்த அணை இல்லை. டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறினால் பல்லாயிரம் கோரூட்டீன்கள் நினைவகத்தில் குவிந்து, இறுதியில் கெர்னலே பிராசஸைக் கொன்றுவிடும். ஆகையால் எடை குறைந்த கன்கரன்சியைக் (ஒரே நேரத்தில் பல வேலைகளை நடத்தும் முறையை) கையில் எடுப்பவர்கள், ஒரே நேரத்தில் இத்தனை வேலைகளுக்கு மேல் உள்ளே விடமாட்டேன் என்ற வரம்பை செமஃபோர் என்ற எண்ணிக்கைப் பூட்டின் மூலமோ வேறு வழியிலோ தாங்களே எழுதியாக வேண்டும். அந்த வரம்புக்கு மேல் வருவோருக்கு உடனடியாக 503 (இப்போது சேவை இல்லை) என்று பதில் சொல்லி அனுப்புவது, அரை நிமிடம் நிறுத்திவைத்து ஏமாற்றுவதை விட மரியாதையானது.

கிளவுட் இந்தப் படத்துக்குள் வரும்போது அதே சிக்கல் ஒரு படி மேலேறி நிற்கிறது. அமேசான் 2006-இல் சர்வர்களை வாடகைக்குத் தரும் ஈசி2 சேவையைத் திறந்ததிலிருந்து, சர்வர் வாங்க மாதக்கணக்கில் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது. சுமை கூடினால் சர்வரைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கூட்ட முடிந்தவை நினைவில் எதையும் வைத்துக்கொள்ளாத முன்வரிசை சர்வர்கள் மட்டுமே. அவை எல்லாம் போய்ச் சேரும் டேட்டாபேஸ் பெரும்பாலும் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனி பிராசஸை உருவாக்குகிறது. அதன் இயல்பான உச்சவரம்பு 100 இணைப்புகள், அதிலும் 3 நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டவை. ஜாவாவில் பலரும் பயன்படுத்தும் ஹிக்காரி இணைப்புத் தொகுப்பு, சர்வருக்குப் பத்து இணைப்புகளை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஒன்பது சர்வர்கள் வரை எல்லாம் சுமுகமாக நடக்கும். சர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் பத்தாவது சர்வரைப் பெருமையோடு எழுப்பும்போது, அது கேட்கும் கடைசி மூன்று இணைப்புகள் மறுக்கப்படும். பதினோராவது சர்வருக்கு ஒன்றுமே கிடைக்காது. வரம்பை ஆயிரமாக உயர்த்திவிடலாமே என்றால், எட்டு கோர் கொண்ட இயந்திரத்தில் ஆயிரம் பிராசஸ்கள் முட்டிக்கொள்ளும். வேகம் கூடுவதற்குப் பதில் குறையவும் வாய்ப்புண்டு. பிஜிபவுன்சர் போன்ற இடைநிலை மென்பொருள், முன்பக்கம் ஆயிரம் இணைப்புகளை ஏற்று, பின்பக்கம் சில பத்து இணைப்புகளில் மாற்றி மாற்றி ஓட்டும். நடைமுறையில் எனக்குத் தெரிந்த வரை, புதிய சர்வர்களைச் சேர்ப்பதை விட இதை வைப்பதே பல இடங்களில் பலன் தந்திருக்கிறது.

மறுமுயற்சிகள் நிலைமையை மேலும் மோசமாக்கும். செயலி ஒரு கோரிக்கையை மூன்று முறை முயல்கிறது, அதன் பின்னுள்ள சேவை தன் பங்குக்கு மூன்று முறை, அதற்கும் பின்னுள்ளது மூன்று முறை என்றால், கடைசியில் இருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு கோரிக்கை 27 ஆகப் போய்ச் சேரும், அதுவும் அது ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில். ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்குவதும், எல்லோரும் ஒரே நொடியில் திரும்பி வராதபடி அந்த இடைவெளியில் சிறிது குலுக்கலைச் சேர்ப்பதும், ஏதாவது ஓர் அடுக்கில் மட்டும் மறுமுயற்சி செய்வதும் இதற்கான தெரிந்த மருந்துகள்.

நேரம் என்ற இன்னொரு தடையும் உண்டு. ஹாட்ஸ்டாரின் பார்வையாளர் கூட்டம் நிமிடத்துக்குப் பத்து இலட்சம் என்ற வேகத்தில் வளர்ந்ததாக அதன் பொறியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு புதிய கிளவுட் சர்வர் எழுந்து, மென்பொருள் தொடங்கி, கோரிக்கைகளைப் பங்கிட்டுத் தரும் லோடு பேலன்சரின் சோதனையில் தேறி வேலைக்கு வருவதற்கு ஓரிரு நிமிடங்களாவது பிடிக்கும். சுமையை அளந்து, வரம்பைத் தாண்டியதை உறுதிசெய்து, அதன் பிறகே இது தொடங்கும். கிளவுடிலும் குறிப்பிட்ட வகை இயந்திரம் குறிப்பிட்ட மண்டலத்தில் கேட்ட எண்ணிக்கையில் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அதனால் அவர்கள் அமேசானின் இயல்பான ஆட்டோ ஸ்கேலிங்கை நம்பாமல், கோரிக்கை வேகத்தையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் முன்கூட்டியே கணித்து சர்வர்களை ஏற்றி வைக்கும் தங்கள் சொந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தினார்கள். போட்டிக்கு முன்பே 3,000-க்கும் அதிகமான இயந்திரங்களைக் கொண்டு தங்கள் மீதே செயற்கைச் சுமையை ஏவிப் பார்த்தார்கள். நிலைமை கைமீறினால் பரிந்துரைகளைப் போன்ற இரண்டாம் நிலைச் சேவைகளை அணைத்துவிட்டு, காணொளி ஓடுவதை மட்டும் காப்பாற்றும் நிலைக்கு மாறும் வசதியும் இருந்தது. எதை முதலில் கைவிடுவது என்று நிதானமான ஒரு நாளில் உட்கார்ந்து முடிவெடுத்து வைத்திருந்தது, அந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் பகுதி.

நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு இரண்டரைக் கோடிப் பேர் வரப்போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 பிப்ரவரியில் ஒரு நாளில் சுமார் 21 கோடி எச்டிடிபி கோரிக்கைகளுக்குப் பதிலளித்தது. அதற்கு அவர்கள் வைத்திருந்தவை 11 வலை சர்வர்களும் ஒரு சில டேட்டாபேஸ் சர்வர்களும், கிளவுடில் அல்லாமல் சொந்த இயந்திரங்களாக. அந்த 21 கோடியை 86,400 விநாடிகளால் வகுத்தால் விநாடிக்குச் சராசரியாக 2,400 சொச்சம்தான் வருகிறது. முதல் ஆயிரம் பயனர்களைக்கூடப் பெறாத மென்பொருளுக்கு பல சர்வர்களை ஒருசேர நிர்வகிக்கும் குபர்நெட்டிஸும் மூன்று கிளவுட் மண்டலங்களும் திட்டமிடுபவர்களைப் பார்க்கும்போது, ஒரு மெதுவான எஸ்க்யூஎல் வினவலுக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போட்டுத் தங்கும் நேரத்தைப் பாதியாக்கினால் லிட்டிலின் விதிப்படி உள்ளே நிற்கும் கூட்டமும் பாதியாகும், அதற்கு மாதக் கட்டணம் இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

அதையும் செய்த பிறகு ஆட்டோ ஸ்கேலிங் தேவைப்படுமானால், கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அதிகபட்ச சர்வர் எண்ணிக்கையை நிரப்புவதற்கு முன் ஒரு பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்: அந்த எண்ணை ஒரு சர்வருக்கான டேட்டாபேஸ் இணைப்புகளால் பெருக்கி, புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் சில நிமிடங்களுக்காக அதை இரட்டிப்பாக்குங்கள். வரும் தொகை டேட்டாபேஸின் வரம்பைத் தாண்டினால், இடையில் பிஜிபவுன்சரை வைக்கும் வேலை முதலில் நடக்கட்டும். அதுவரை சர்வர் எண்ணிக்கையின் உச்சவரம்பை, அந்தத் தொகை டேட்டாபேஸின் வரம்புக்குள் அடங்கும்படி குறைத்தே வையுங்கள்.