மச்சான் படகும் பச்சோந்திப் பட்டையும்

ஜனவரி 19

பொங்கல் முடிந்து பட்டறையைத் திறந்த அன்றே மச்சான் வந்து நின்றான். தேங்காய்த்திட்டில் கட்டியிருக்கும் அவன் ஃபைபர் படகுக்கு, சுற்றுலா ஆட்களை ஏற்றுகிற சின்னப் படகுதான், நிறம் மாறுகிற பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். முழுப் படகுக்கும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரு பட்டை, அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், பேர். மாசி மகத்துக்குள் வேண்டும். நான் பைக் டேங்கும் கார் கதவும் அடிக்கிறவன், படகைத் தொட்டதில்லை. மனைவியின் தம்பி கேட்கிறான், என்ன சொல்வது, சரி என்றேன்.

ஜனவரி 27

என்னைக் கேட்காமலே ஆன்லைனில் பவுடர் வாங்கிவிட்டான். சூட்டுக்கு நிறம் மாறுகிற வகை. 31 டிகிரிக்குக் கீழே சிவப்பு, அதைத் தாண்டினால் நிறம் போய் அடியில் இருக்கும் வெள்ளை தெரியும். ஒரு ஃபைபர் துண்டில் அடித்துப் பட்டறை வாசலில் வைத்தோம். காலை ஏழு மணிக்கு நல்ல சிவப்பு. வெயில் ஏறியதும் வெள்ளை, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வெள்ளைதான்! குளிர் நாட்டுக் காபிக் கப்புக்குச் சரியான சரக்கு, புதுச்சேரி வெயிலில் படகு பகல் முழுக்க 31-க்கு மேலேதான் இருக்கும், எப்போது மாறுவது? போதாததற்கு இந்தச் சாயத்துக்கு வெயிலே எமன். தொடர்ந்து வெயில் பட்டால் மாறுகிற குணமே செத்துவிடும். "காசு போச்சே மாமா" என்றான். போனது போனதுதான்.

பிப்ரவரி 2

அதற்குப் பதிலாக, பார்க்கிற கோணத்துக்கு நிறம் மாறுகிற பச்சோந்திப் பவுடர் வந்தது, 50 கிராம். இதில் சாயமே இல்லை. நடுவில் அலுமினியம், அதன் இரு பக்கமும் மெக்னீசியம் ஃபுளோரைடு, வெளியே மெல்லிய குரோமியம், எல்லாம் சேர்ந்தே ஒரு மைக்ரான் அளவுக்குத் தடிமன் உள்ள செதில்கள். வெளி அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் உள்ளே போய்த் திரும்பும் ஒளியும் சேரும்போது சில நிறம் கூடும், சில நிறம் அழியும், பார்க்கிற கோணம் மாறினால் கணக்கும் மாறும். மச்சானுக்குப் புரியவைக்க 500 ரூபாய் நோட்டை எடுத்துச் சாய்த்துக் காட்டினேன், அதிலுள்ள இழை பச்சையிலிருந்து நீலமாகும் இல்லையா, அந்த மாதிரி வித்தைதான். ஃபோர்டு கம்பெனி 1996-லேயே மஸ்டாங் கோப்ராவில் மிஸ்டிக் என்று இப்படி ஒரு நிறம் விட்டது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கே இந்தப் பைத்தியம் பிடித்தது.

பிப்ரவரி 9

ஒரு வாரமாகத் தேய்ப்புதான். ஃபைபர் படகின் மேல்தோல் ஜெல்கோட், அதில் அச்சிலிருந்து வந்த மெழுகும் பாலிஷ் மெழுகும் ஏறியிருக்கும். மெழுகைத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் மெழுகு கீறலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் பெயிண்ட் தோல் தோலாக உரியும். அதற்கும் முன்னால் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவ வேண்டும், உப்பு தங்கினால் பின்னால் கொப்புளம். கழுவி, துடைத்து, 320 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 600, பிடிமானத்துக்கு எபாக்சி பிரைமர், அதன் மேல் கறுப்பு. கறுப்பு இல்லாமல் இந்தப் பவுடர் வெறும் முத்துப் பளபளப்புதான் தரும். பட்டையைத் தண்ணீர்க் கோட்டுக்கு நன்றாக மேலே வைத்தேன், எந்நேரமும் நீரில் ஊறுகிற இடத்துக்கு இது தாங்காது. பதிவு எண் பக்கம் போகவே இல்லை.

பிப்ரவரி 11

காலை ஆறரைக்கு ஆரம்பித்தது என் புத்தி. முதல் கோட்டே பால் ஊற்றினது போல வெளுத்துவிட்டது. தின்னர் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் இறங்கிவிடுகிறது, கடலோரத்தில் விடியற்காலை ஈரத்தைக் கேட்கவா வேண்டும். தேய்த்து எடுத்தேன். நாளை பத்து மணிக்கு மேல், மெதுவாகப் பறக்கும் தாமதத் தின்னரோடு.

பிப்ரவரி 12

முடிந்தது. லிட்டருக்கு 25 கிராம் பவுடர், ஸ்பிரே கன்னில் 1.3 மில்லிமீட்டர் நாசில், ஐந்து மெல்லிய கோட், கன்னின் ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சில் பாதியை மூடும்படி. ஈரமாக அடித்தால் செதில்கள் கண்டபடி மிதந்து திட்டுத் திட்டாகத் தெரியும். மேலே நிறமில்லாத காப்புப் பூச்சான கிளியர் மூன்று கோட். கிளியருக்குப் போடுகிற ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் எட்டிப் பார்த்த மச்சானைத் திட்டி வெளியே அனுப்பினேன்.

பிப்ரவரி 16

படகு இறங்கியது. அணியம் வளைகிற இடத்தில் பச்சை, நீலம், ஊதா என்று ஓடுகிறது, கரையில் நடந்துகொண்டே பார்த்தால் பட்டை கூடவே வருகிறது. பின்பக்கம் தட்டையாக இருப்பதால் அங்கே ஒரே பச்சை. மெனக்கெட்டு அங்கேயும் அடித்தது வீண் வேலை, வளைவு இல்லாத இடத்தில் இந்தப் பெயிண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மார்ச் 3

மச்சான் போன் பண்ணினான். பக்கத்துப் படகு உரசி வலப்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கீறல், கறுப்பு வரைக்கும் போயிருக்கிறதாம். டயர் தொங்கவிடச் சொன்னேன், கேட்டானா? "அந்த இடத்துல மட்டும் டச் பண்ணிடுங்க மாமா" என்கிறான். இதில் டச்சப்பே கிடையாது. செதில் படுக்கிற விதம் கொஞ்சம் மாறினாலும் ஒட்டுப்போட்டது காட்டிக்கொடுத்துவிடும், அந்தப் பக்கப் பட்டை முழுவதும் திரும்ப அடிக்க வேண்டும். டப்பாவை நிறுத்துப் பார்த்தேன், மீதி 11 கிராம். ஒரு பக்கத்துக்குப் போதாது.