வாடகை டிரெய்லரும் வான் ரீனன் மலைப்பாதையும்

தென்னாப்பிரிக்காவில், அக்கா வீட்டுச் சாமான்களை டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் கொண்டுபோக, காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர் வாடகைக்கு எடுத்தோம். அத்தானுக்குப் பெரிய டிரெய்லர்தான் வேண்டுமாம். சாதாரணக் கார் ஓட்டும் கோட் பி லைசென்ஸுக்கு, ஏற்றும் சுமையோடு சேர்த்து 750 கிலோ வரை அனுமதியுள்ள டிரெய்லர்தான். அதற்கு மேல் இழுக்க கோட் இபி லைசென்ஸ் வேண்டும். "உங்களிடம் இருக்கா அத்தான்?" என்றேன். சின்னதே வந்தது.

கடை வாசலிலேயே விளக்குகள், டயர்கள், டிரெய்லரில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வில்லையின் தேதி எல்லாம் பார்த்துவிட வேண்டும். பாதுகாப்புச் சங்கிலியை, டிரெய்லரைக் காரோடு இணைக்கும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கடைக்காரர் "சரியா இருக்கு" என்பார். நீங்களும் ஆட்டிப் பாருங்கள்.

சாமான் ஏற்றுவதில்தான் விஷயமே. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தாழ்வாக இருக்கட்டும். சுமார் 60 சதவீதச் சுமை முன்பக்கம் வரவேண்டும். பின்னால் கனத்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கையும் திருப்பாதீர்கள். நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். (அக்காவின் அம்மிக்கல் முன்னால் போனது, அவர் மேற்பார்வையில்.)

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் வான் ரீனன் மலை ஏற்றத்தில் லாரிகள் ஊர்ந்து போகும். முந்த அவசரப்படாதீர்கள். திரும்பி இறங்கும்போது, டிரெய்லர் காலியாக இருந்தாலும், கியரைக் குறைத்தே இறங்குங்கள்.